சீரியஸ் என்று ஒரு சொல்

மெஸ்ஸில் சாப்பாட்டுத் தட்டை ஒரு கையில் பிடித்தபடி அண்ணன் சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அவருடைய தம்பி சேலத்தில் படித்துக்கொண்டிருந்தான். அந்த விடுதியின் வார்டன் காலையில் போன் செய்து, “யுவர் பிரதர் இஸ் சீரியஸ், கம் சூன்” என்றாராம். அதற்கு அண்ணன், அவன் எப்போதுமே சீரியஸ்தான், சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாராம். அதைச் சொல்லித்தான் சிரித்தார். நான் என் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

அவர் தான்சானியாக்காரர். ஏற்காட்டில் நாங்கள் படித்த கல்லூரியில் என் அறைத்தோழர். வயதில் மூத்தவர் என்பதால் நான் அண்ணா என்றேன். அவர் தமிழில் முதலில் கற்றுக்கொண்ட சொல் ‘தம்பி’. மேல்வகுப்புகளை ஆங்கிலத்திலேயே படித்தவர். அந்த மொழியை நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்தார். ஆனால் எங்கள் ஆங்கிலம் அவருக்குத் தெரிந்த ஆங்கிலமாக இல்லை. முதல்வர் ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்று ஆபீஸில் சொன்னால், அங்கே தலையை ஆட்டிவிட்டு, இந்த மலையில் ஏது ஸ்டேஷன் என்று என்னிடம் வந்து கேட்பார். சீனியர் பெண் ஒருத்தி போன வருஷம் ‘பாஸ் அவுட்’ ஆனதாகச் சொன்னபோது, மயங்கி விழுந்துவிட்டாள் என்று நினைத்து, இப்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சேர்ந்துதான் சிரித்தார். அறைக்கு வந்த பிறகு, தெரியாத மொழி புரியாமல் போனால் பரவாயில்லை, தெரிந்த மொழியே புரியாமல் போவதுதான் பயமாக இருக்கிறது என்றார்.

மறு வருஷம் அவர் பேச்சை நம்பித் தம்பியும் சேலத்தில் வந்து சேர்ந்தான். மிளகு பறிக்கும் சமயத்தில் ஒருமுறை இரண்டு பேரையும் மாரமங்கலத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அம்மா அந்தப் பையனின் கன்னத்தைத் தடவி, “ஏஞ்சாமி இப்படி எளச்சுப் போயிட்ட? ஊட்டு நெனப்பா?” என்று கேட்டாள். தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாதவன், பொலபொலவென்று அழுதான். வகுப்பில் ஒன்றும் பிடிபடவில்லை, ஊருக்கே திரும்பிவிடுகிறேன் என்பதுதான் அவன் பேச்சு. வார்டன் போன் செய்ததற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையும் போனில் அண்ணனோடு சண்டை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, சீரியஸாகத்தான் சொல்கிறேன், டிக்கெட் எடுத்துக் கொடு என்றிருக்கிறான். அந்தச் சண்டையின் சூட்டில் இருந்தவருக்கு வார்டன் சொன்ன வாக்கியம் வேறு எப்படிக் கேட்டிருக்கும்?

அண்ணனின் போனை வாங்கி வார்டனைக் கூப்பிட்டேன். “டெங்குங்க தம்பி. ஆஸ்பத்திரியில சேத்திருக்கறோம். காலைலயே சொன்னனுங்களே, சீரியஸ்னு” என்றார். அவர் குரலில் கோபமில்லை, குழப்பம்தான் இருந்தது. அவனுடைய பாஸ்போர்ட்டையும் கையோடு கொண்டுவரச் சொன்னார். அது அண்ணனிடம்தான் இருந்தது. அவரிடம் காய்ச்சல் என்று மட்டும் சொன்னேன். உடனே கிளம்ப வேண்டும் என்றேன். முந்தின நாள் மழையில் சேலம் சாலையில் மண் சரிந்து, பஸ் ஓடவில்லை. பக்கத்து ஊரான வெள்ளக்கடையைச் சேர்ந்த ஒருவர், குப்பனூர் வழியாகப் போகும் இன்னொரு சாலையில் ஜீப்பில் இறங்கிக்கொண்டிருந்தார். கையைக் காட்டி நிறுத்தினேன். விஷயத்தைக் கேட்டதும் எங்களை ஏற்றிக்கொண்டு, “ஏனுங்க, நொம்ப சீரியஸுங்களா?” என்று என்னிடம் கேட்டார்.

தமிழுக்கு நடுவே வந்த அந்த ஒரு சொல்லை அண்ணன் பிடித்துக்கொண்டார். இவர் ஏன் அந்தச் சொல்லைச் சொல்கிறார், இங்கே அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். பனியில் முன்னால் போகிற வண்டி தெரியவில்லை. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிழைப்பது கஷ்டம் என்கிற நிலையில் இருப்பவர்களை எங்கள் ஊரில் அப்படிச் சொல்வோம் என்றேன். அதன்பிறகு அவர் ஒவ்வொரு வளைவிலும் டிரைவரின் தோளைத் தொட்டு, சீக்கிரம் என்று கையால் காட்டிக்கொண்டே வந்தார். டிரைவரும், “போயரலாங்க, போயரலாங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே வார்டன் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். அண்ணனுக்குப் புரியவேண்டும் என்றுதான், பாவம், நிறுத்தி நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னார்: “யுவர் பிரதர் எக்ஸ்பயர்டு.”

அண்ணன் அவசரமாகப் பைக்குள் கையை விட்டு பாஸ்போர்ட்டை எடுத்தார். விசா ஒட்டியிருந்த பக்கத்தைப் பிரித்து வார்டனின் முகத்துக்கு நேராகக் காட்டினார். இல்லை சார், காலாவதி ஆகவில்லை, தேதியைப் பாருங்கள், இன்னும் நாள் இருக்கிறது என்றார். வார்டன் என்னைப் பார்த்தார். அண்ணன் விரலால் தேதியைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். நான்தான் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்க வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் யாருக்கும் புரியக்கூடிய அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ‘செத்துப்போய்விட்டான்’ என்று இங்கிலீஷில் பச்சையாகச் சொன்னேன். அதைவிட மரியாதையான சொற்கள் எனக்குத் தெரியும். எதையும் நம்பிச் சொல்லத் துணியவில்லை.

காலையிலேயே வந்திருந்தால் பையன் பிழைத்திருப்பானா என்று அண்ணன் டாக்டரிடம் கேட்டார். பிழைத்திருக்க மாட்டான், ஆனால் மதியம் வரை நினைவு இருந்தது என்றார் டாக்டர். 

தம்பியின் உடலோடு போனவர் படிப்பை முடிக்கத் திரும்பி வரவில்லை. கிளம்பும்போது என்னைக் கட்டிக்கொண்டு, “இன்னும் இப்படி எத்தனை சொல் இருக்கிறது, தம்பி?” என்று கேட்டார்.  பிறந்ததிலிருந்து காதில் விழுகிற சொற்களில் எது வெளியூர்க்காரனுக்கு வேறாகக் கேட்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இப்போது இதே மலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன். வெளிநாட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். வகுப்பில் பேசிக்கொண்டே இருப்பேன். ஏதாவது ஒரு சொல்லில் சட்டென்று நின்றுவிடுவேன். பிள்ளைகள் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். அந்தச் சொல் அவர்கள் காதில் என்னவாகப் போய் விழுந்ததோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். அண்ணனும் அப்படித்தான் ஆட்டுவார்.