கொப்பரை புகைந்த மதியம்

தம்பி, தங்கைகளே, பட்டர்வொர்த்தில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். ஜார்ஜ் டவுனிலிருந்து தினமும் ஃபெரி ஏறிப் போவேன். அரிசி, பாசிப்பயறு, நிலக்கடலை, கொப்பரை என்று மூட்டைகள் வந்து இறங்கும். எல்லாமே விதைகள், அல்லது விதைக்குள் இருப்பவை. "மூட்டைன்னா மூட்டைதானே" என்பவர்களோடு மாரடித்தே என் பாதி ஆயுள் போயிற்று.

விதையின் கட்டுச்சோறு

விதைக்குள் ஒரு குட்டிச் செடி தூங்குகிறது. வேர்விட்டு, இலை விரித்து, வெயிலில் தானே சமைக்கத் தொடங்கும்வரை அதற்குச் சாப்பாடு வேண்டும். நெல் அதை மாவுச்சத்தாக வைத்திருக்கிறது. பயறு தன் இரண்டு பருப்புகளில் மாவும் புரதமும் வைக்கிறது. கடலையும் தேங்காயும் பெரும்பாலும் எண்ணெயாகச் சேர்க்கின்றன. ஒரே எடைக்கு, மாவைவிட எண்ணெயில் இரண்டு மடங்குக்கு மேல் சக்தி. இது தெரியாமல் மூட்டை அடுக்கினால் என்ன ஆகும்?

ரவி அடுக்கிய அடுக்கு

மழை வாரம் ஒன்றில் கொப்பரை லோரி வந்தது. தொட்டால் பிசுபிசுவென்று ஈரம். திருப்பி அனுப்பச் சொன்னேன். மேனேஜர் ரவி கேட்டால்தானே!

"அக்கா, பழைய கஸ்டமர் லா. திருப்பி அனுப்பினா மொதலாளி என்னைத்தான் ஏசுவாரு."

"அப்ப காத்துப் போக இடம் விட்டாச்சும் அடுக்கச் சொல்லுங்க தம்பி."

"இடம் எங்க இருக்கு? கூரை வரைக்கும் ஏத்துங்க!"

வெயில் காயும் தகரச் சுவரை ஒட்டியே ஏற்றினார்கள். நான் கத்தக் கத்த, அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

சில நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஃபோர்க்லிப்ட் ஓட்டும் சேகர் ஓடி வந்தார். "அக்கா, கொப்பரைப் பக்கம் கருகுற வாடை வருது!"

போய்ப் பார்த்தேன். மூட்டைகளின் இடுக்கில் மெல்லிய புகை.

"யாரோ சிகரெட்டைப் போட்டிருக்கானுங்க," என்றார் ரவி.

எனக்கு வந்த ஆத்திரம்! "சிகரெட் இல்ல தம்பி! ஈரத்துல பூஞ்சை புடிச்சுத் தின்னுது. தின்னா சூடு வரும். அந்தச் சூடு வெளிய போக வழி இல்ல, உள்ள பூரா எண்ணெய். தீயணைக்கப் பொம்பாவைக் கூப்பிடுங்க!"

"பொம்பா வந்தா பேப்பர்ல வந்துரும் அக்கா..."

தீயைவிட அவருக்குப் பேப்பர் பயம் பெரிது. நானே போன் செய்தேன். சேகர் மூட்டையை இழுக்கப் போனார். காற்றுப் பட்டால் பற்றிக்கொள்ளும் என்று தடுத்து, எல்லாரையும் வெளியே விரட்டினேன்.

பொம்பா ஆட்கள் தண்ணீர் அடித்தபடி ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். நடு மூட்டை ஒன்று குப்பென்று எரிந்தது. அந்த இடத்தில் சேகர் நின்றிருந்தால்? நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

சாயங்காலம் ரவி கேட்கிறார்: "பக்கத்துல அரிசி இருந்துச்சே, அது ஏன் புகையலை?"

"அது நல்லாக் காஞ்சு வந்துச்சு. ஈரமானா அரிசியும் சூடாகும், கெட்டுப்போகும். ஆனா எண்ணெய் இருக்கிறது இன்னும் மோசம்."

கருகிய மூட்டைகளைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "அப்ப நாளைக்கு வர்ற கடலைய எங்க வைக்கலாம் அக்கா?"

இதைக் கேட்க ஒரு கிடங்கே புகைய வேண்டியிருந்தது. இருந்தாலும் எழுந்து போய் இடம் காட்டினேன்.

பிள்ளைகளே, நான் கற்றது இதுதான்: விதை செத்தாலும், அது சேர்த்து வைத்த சக்தி சாவதில்லை. செடி தின்னாவிட்டால் பூஞ்சை தின்னும், இல்லையென்றால் நெருப்பு தின்னும். மூட்டையைத் தூக்குமுன் உள்ளே என்ன இருக்கிறதென்று கேளுங்கள்.