தம்பியின் இதயத்தைக் கேட்டேன்

எனக்கும் தம்பி டேனியலுக்கும் பிறவியிலேயே தலசீமியா. உடலில் போதிய இரத்தம் ஊறாது. மாதந்தோறும் ஏற்றிக்கொள்ள வேண்டும். அந்த இரத்தத்தில் உள்ள இரும்பு போக வழியின்றி உறுப்புகளில் தங்கிவிடும். அதை வெளியேற்ற வயிற்றில் ஊசி குத்தி, சிறிய பம்ப் வழியாக இரவெல்லாம் மருந்து ஏற்றுவோம்.

நான் ஓர் இரவும் தவறவிட்டதில்லை. எண்ணூர் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. டேனியல் ஊசியைக் கழற்றி எறிந்துவிட்டு ராயபுரத்தில் கேரம் ஆடப் போய்விடுவான். இரத்தப் பரிசோதனையில் எனக்கு எப்போதும் இரும்பு குறைவு, அவனுக்கு அதிகம். வருடக்கடைசி ஆராதனையில் எழுந்து அதற்காக ஸ்தோத்திரம் சொல்வேன்.

2006-இல் டாக்டர் எங்களை முதன்முறையாக எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பினார். இரும்பு சேர்ந்த உறுப்பு அதில் கறுத்துத் தெரியும். இருவர் படங்களையும் விளக்குப் பலகையில் அருகருகே மாட்டினார். அவன் கல்லீரல் கறுத்திருந்தது. இதயம் சுத்தம். எனக்கு இதயம் கறுத்திருந்தது.

“இரத்தப் பரிசோதனை இதயத்தைக் காட்டாதும்மா. உனக்குப் பம்ப் கிடைச்சதே பதினோரு வயசுல. தம்பிக்கு மூணு வயசுல. முன்னாடி சேர்ந்தது இதயத்தை விட்டு லேசுல போகாது. இப்படியே விட்டா உயிருக்கு ஆபத்து.”

வீட்டில் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். “அவனையாவது வுட்டு வெச்சாரே ஆண்டவரு” என்றார். அந்த வார்த்தை என்னைச் சுட்டது.

உபவாச ஜெபத்தில் எல்லோரும் பாடினார்கள். நானோ மனதுக்குள் வரிசையாகச் சொன்னேன். ஒன்று, ஊசி குத்திக்கொண்டது நான். இரண்டு, உமக்கு நன்றி சொன்னது நான். மூன்று, நல்ல இதயம் அவனுக்கு. ஆண்டவரே, எனக்கும் அதே வேண்டும். அவ்வளவுதான் என் ஜெபம்.

டாக்டர் இதயத்து இரும்பை எடுக்கும் மாத்திரையைச் சேர்த்தார். பம்ப் பகலிலும் ஓட வேண்டும் என்றார். இடுப்பில் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.

“இன்னாக்கா, பகல்லயும் மாட்டிக்கினு போறே?”

“உன் ஆர்ட்டு மாதிரி எனக்கும் வேணும்டா.”

“ஐய, என் லிவரையும் சேத்து எட்த்துக்கோ. செட்டா தர்றேன்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அன்று இரவு அம்மா கத்தாமலே அவன் தன் ஊசியை எடுத்துக் குத்திக்கொண்டான். மறுநாளும் குத்திக்கொண்டான். பகலிலும் என்னைப் பம்போடு பார்ப்பது அவனை என்னவோ செய்திருக்க வேண்டும். இதை நான் ஜெபத்தில் கேட்கவே இல்லை.

அடுத்த வருட ஸ்கேனில் என் இதயம் வெளிறியிருந்தது. “ஆபத்தான கட்டம் தாண்டியாச்சும்மா” என்றார் டாக்டர். அவன் கல்லீரலிலும் கறுப்பு குறைந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று அழுதேன்.

“என் ஆர்ட்டு மேல கண்ணு வெச்சே, உனக்கும் ஒண்ணு குட்த்துட்டாரு. அப்புறம் இன்னாத்துக்கு அழுவுறே?” என்றான் டேனியல்.

இப்போது இரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பி நன்றி சொல்வதில்லை, ஸ்கேனும் எடுத்துக்கொள்கிறேன். மாடிப்படியில் அவன் மூச்சு வாங்காமல் ஓடும்போது இன்றும் வயிற்றெரிச்சல்தான். அதையும் அவரிடமே சொல்கிறேன். பிரியமானவர்களே, மனம் சுத்தமானபின் ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்தால் என் இதயம் காத்திருந்திருக்காது. எரிச்சலோடு இருந்தால் எரிச்சலோடே போங்கள். என்னை அவர் திருப்பி அனுப்பவில்லை.