பச்சைக் கார் தங்கவேல் அண்ணன்

தங்கவேல் அண்ணன் போய்விட்டார். இன்று விடியற்காலை, தூக்கத்திலேயே... நெஞ்சுவலி.

இந்தப் பக்கத்தில் ஒரு பச்சை ஓப்பன் கார் விற்பனைக்கு என்று மாசக்கணக்கில் போட்டு உங்களையெல்லாம் படுத்தினேனே, அந்தக் காரின் ஓனர்.

போடியில் ஒரே ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்தோம். அவர் சரக்குப் பார்த்து வாங்குகிறவர், நான் கம்ப்யூட்டரில் பில் போடுகிறவள். நாங்கள் சண்டை போடாத நாள் கடைக்கு லீவு நாளாகத்தான் இருக்கும்.

அது அந்தக் காலத்து ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட் பங்களா ஷெட்டில், சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த நிலையில் வாங்கி வந்தார்.

"பேரீச்சம்பழத்துக்குப் போடுங்கண்ணே" என்றேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆனால் விடவில்லை மனுஷன். சம்பளம் வந்தால் ஒரு பார்ட்ஸ், போனஸ் வந்தால் ஒரு பார்ட்ஸ். பழைய இன்ஜின் தேறாது என்றதும் ஜீப்பின் டீசல் இன்ஜினைப் பொருத்தினார். குரங்கணி ரோட்டில் அடி இடிக்குமென்று பாடியைத் தூக்கி வைத்தார். மேல் டாப்பை, ஜீப்புக்கு டாப்பு தைக்கிற கடையிலேயே தைத்தார்.

பார்க்கத்தான் ஸ்போர்ட்ஸ் கார். ஸ்டார்ட் பண்ணினால் லோடு ஜீப்புதான்!

அந்தக் கலர் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். நல்ல கரும்பச்சை வேண்டுமென்று, கடையிலிருந்து முதல் தர ஏலக்காய் ஒரு கை அள்ளிக்கொண்டுபோய் பெயின்டரிடம் சாம்பிள் கொடுத்தார். பெயின்டர் அதை ஜன்னலில் வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான்.

வெயில் பட்டால் காய் வெளுக்கும் என்பது போடியில் யாருக்குத் தெரியாது? காலமெல்லாம் காயிலேயே கிடந்த இவர் அதை மறந்துவிட்டார். பெயின்டர் திரும்பி வந்து, வெளுத்த காயைப் பார்த்து அச்சு அசலாக அதே கலரை அடித்துக் கொடுத்துவிட்டான்.

கடையே விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணன் மறுபடி பெயின்ட் அடிக்க மாட்டேன் என்றார். "வெளுத்தது காயி. வண்டி என்ன பாவம் பண்ணுச்சு?"

போன வருஷம் ஸ்டென்ட் வைத்தார்கள். இனி மலை ரோட்டில் ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்றார் டாக்டர். மறுநாளே கடைக்கு வந்து என் டேபிள் முன்னால் நின்றார்.

"ஏத்தா கலா, வண்டிய வித்துரணும். நான் ஓட்டலேன்னா அது மறுபடியும் ஷெட்டுக்குள்ள போயிரும். ஓட்டுற ஆளு கையில குடுக்கணும். பேஸ்புக்குல போடு."

போட்டேன். இன்ஜின் மாற்றியது, உயரம் கூட்டியது, கலர் தப்பிப்போனது எல்லாவற்றையும் எழுதச் சொன்னார்.

"இப்படி எழுதுனா எவன்ணே வாங்குவான்?"

"சாயம் போட்ட காயின்னு எத்தன மூட்டைய நாம திருப்பி அனுப்பிருக்கோம்? நம்ம சரக்குக்கு மட்டும் சாயம் பூசுவியா?"

அவர் சொன்னபடியே டைப் பண்ணினேன்.

மூணாறு பக்கம் ரிசார்ட் வைத்திருக்கும் ஒருவர் வந்தார். கேட்ட விலைக்குத் தலையாட்டினார். வாசலில் நிறுத்தினால் வருகிறவர்கள் செல்ஃபி எடுப்பார்கள் என்றார். அண்ணன் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, நல்லபடியாக வழியனுப்பி வைத்துவிட்டார். எனக்குக் கோபமான கோபம்!

கடைசியில் வந்தது ராசிங்காபுரத்து மாட்டு டாக்டரம்மா. காரைச் சுற்றி வந்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சார், பின்னாடி மருந்துப் பெட்டி வைக்க எடம் இருக்கா?"

அண்ணன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் போடிமெட்டுக்கு ஓட்டிப் பார்க்கப் போனார்கள். சாயங்காலம் எனக்குப் போன். குரலே துள்ளியது.

"கொண்டை ஊசி வளைவுல டாக்டரம்மா வண்டிய ஆஃப் பண்ணிருச்சுத்தா. பின்னாடி பஸ்சுக்காரன் ஆரன விடாம அடிக்கிறான். நான் எடுக்கவான்னு கேட்டேன். 'நீங்க உக்காருங்க சார், நான் எடுத்துக்கிறேன்'னுச்சு. எடுத்துருச்சு! குடுத்துட்டேன். வர்ற வெள்ளிக்கிழம வண்டி போகுது."

ஆர்.சி. மாற்ற அங்கேயே கையெழுத்தும் போட்டுவிட்டார். இன்று செவ்வாய்...

காலையில் வீட்டுக்குப் போனேன். மதியம் பெங்களூரிலிருந்து மகன் வந்து சேர்ந்தான். அழுது முகமெல்லாம் வீங்கிக் கிடந்தது. "கார விக்க வேணாம்மா. அப்பா ஞாபகமா நம்ம ஷெட்டுலயே இருக்கட்டும்" என்றான் அம்மாவிடம். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

டாக்டரம்மா பஸ்ஸில் வந்திருந்தார். மாலையை வைத்துவிட்டு, அண்ணன் சம்சாரம் பார்வதி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். "வண்டி உங்க கிட்டயே இருக்கட்டும்மா. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

அதுவரை சுவரில் சாய்ந்தே கிடந்த அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். மகனை ஒரு பார்வை பார்த்தார். பீரோவைத் திறந்து கார் சாவியைக் கொண்டுவரச் சொல்லி, டாக்டரம்மா கையில் வைத்து விரலை மூடினார்.

"அவரு சொன்ன சொல்லு சொன்னதுதான். வெள்ளிக்கிழம வரைக்கும் வேணாந்தாயி. இன்னைக்கு அவர எடுத்த ஒடனே வண்டியவும் எடுத்துட்டுப் போயிரு. ரெண்டும் ஒரே நாள்ல போகட்டும். என்னால ரெண்டு தடவ அழ முடியாது."

மகன் எழுந்துபோய் ஷெட் கதவைத் திறந்துவிட்டான்.

நாலு மணிக்கு எடுக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் வாருங்கள்.

போயிட்டு வாங்கண்ணே...