குதிரைக்குக் கிடைத்த நற்சான்று

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஊட்டிக்குப் பக்கத்தில் சோலூருக்கு மேலே, தேயிலை முடிந்து வனத்துறையின் புல்வெளி தொடங்குகிற இடம். நான் ஒரு குதிரையின் மேல் உட்கார்ந்துகொண்டு, மூடுபனி விலக வேண்டும் என்று தெரிந்த தெய்வங்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காப்பீட்டு அலுவலகத்தில் குப்பை கொட்டும், ஐம்பதை நெருங்கிய பெண்மணிக்குக் குதிரை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் கணவரும் கேட்டார். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, தினமும் நடங்கள் என்றார் டாக்டர். நடப்பது எனக்கு ஆகாது. வேறு யாராவது நடக்க, நான் உட்கார்ந்திருந்தால் ஆகும். "குதிரைகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டயா?" என்பதோடு கணவர் நிறுத்திக்கொண்டார். குதிரையேற்றத்தைப் பற்றி நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஏறும்போது மட்டும் அதில் ஒரு வரியும் நினைவுக்கு வந்ததில்லை.

எனக்கும் இன்னும் சிலருக்கும் குதிரை கொடுத்தவர் முன்பு ஊட்டி ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டிருந்தவர். தார் ரோட்டில் ஒரு சுற்று, ஒரு போட்டோ, அடுத்த ஆள். அந்தப் பிழைப்பு வெறுத்துப்போய், மூன்று குதிரைகளோடு சோலூர் பக்கம் வந்துவிட்டார். ஞாயிறுதோறும் என்னைப் போன்ற அரைகுறைகளைப் புல்வெளி வழியாகச் சோலைக்காட்டுக்குள் கொஞ்ச தூரம் கூட்டிப் போய்த் திரும்புவார். காடு வனத்துறையுடையது. பாதையில் போக வருடாவருடம் அனுமதி வாங்க வேண்டும். அந்த வருடம் புதிதாக வந்த ரேஞ்சர் தயங்கினார். காட்டுக்குள் குதிரைக்கு என்ன வேலை, காட்டெருமை எதிரே வந்தால் யார் பொறுப்பு என்றார். நியாயமான கேள்விதான். கடைசியில், ஒரு தடவை உங்களோடு வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று இறங்கி வந்தார். அவர் முடியாது என்றால் குதிரைக்காரர் திரும்பவும் ஏரிக்கரைக்குத்தான் போக வேண்டும்.

எங்கள் கூட்டத்தில் பேசத் தெரிந்தவள் என்று ரேஞ்சரோடு என்னை அனுப்பினார்கள். எனக்கு வாய்த்தது மூன்றில் மூத்த குதிரை. ஏரிக்கரையில் பழம் தின்று கொட்டை போட்டது. எதிரே யாராவது செல்போனைத் தூக்கினால் போதும், நின்றுவிடும். கழுத்தை நிமிர்த்தி, காதுகளை முன்னால் நீட்டி, அப்படியே சிலை. முதலாளி வந்து கழுத்தில் தட்டினால்தான் உயிர் வரும்.

ரேஞ்சர் முன்னால் நடந்தார். நடுவில் நான். பின்னால் இன்னொரு குதிரையில் குதிரைக்காரர். பதற்றம் வந்தால் எனக்கு வாய் ஓடும். குதிரைகளின் சாந்த குணம் பற்றி ரேஞ்சரின் முதுகுக்கு நான் ஆற்றிய சொற்பொழிவை அந்த முதுகு பொறுமையாகக் கேட்டது. பனியில் அதைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

பாதை சோலைக்குள் நுழைகிற திருப்பத்தில் ரேஞ்சர் சட்டென்று எங்கள் பக்கம் திரும்பினார். குதிரைகள் வருவதைப் படமெடுக்கச் செல்போனைத் தூக்கினார்.

குதிரை நின்றது.

"என்னங்க மேடம், நின்னுருச்சு?"

குதிகாலால் இடித்தேன். கெஞ்சினேன். புத்தகத்தில் படித்த ஒரு ஒலியைக்கூட எழுப்பினேன். அசையவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது. பின்னாலிருந்து குதிரைக்காரர் இறங்கி வருவதற்குள், ரேஞ்சரின் முதுகுக்குப் பின்னால் பனி கறுத்தது. ஒரு காட்டெருமை, பக்கத்தில் கன்று. மெதுவாகப் பாதையைக் கடந்து பள்ளத்தில் இறங்கின. மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. நிற்காமல் போயிருந்தால் தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் புகுந்திருப்போம். ஏரிக்கரையின் பஸ் ஹாரன்களுக்கே அசராத என் குதிரை, அப்போதும் போனையே பார்த்துக்கொண்டிருந்தது.

ரேஞ்சர் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் குதிரையிடம் வந்தார். குதிரையின் நெற்றியைத் தடவினார். "காட்டெருமை வர்றது இதுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்குதுங்க. குதிரை கூட இருந்தா மனுசனுக்குத்தான் பாதுகாப்பு. நீங்க தாராளமாப் போங்க, நான் எழுதித் தந்தர்றேன்."

குதிரைக்காரர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். என் பக்கம் வந்து, சேணத்தைச் சரி செய்கிற சாக்கில் கிசுகிசுத்தார். "அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். வாயத் தொறந்துராதீங்க."

திறக்கவில்லை. பாதி இறக்கம் வரை. வாழ்நாளில் நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை. பாதை கிடைத்துவிட்டது, பேசாமல் இரு என்றது ஒரு மனம். நாளைக்கு இன்னொரு அரைகுறை, குதிரைக்குத் தெரியும் என்று நம்பிப் பனிக்குள் போவாளே என்றது இன்னொன்று. சேணத்தில் என்னால் உட்காரவே முடியவில்லை.

தேயிலை ஓரம் வந்ததும், "சார், கொஞ்சம் முன்னால போயி, போனைத் தூக்குங்க" என்றேன்.

தூக்கினார். குதிரை நின்றது. அதே கழுத்து, அதே காது. ரேஞ்சர் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. குதிரைக்காரரைக் கேட்டார்: "அப்ப காட்டெருமை வந்தது இதுக்குத் தெரியாதா?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "தெரிஞ்சும் இருக்கலாமுங்க. ஆனா நின்னது போட்டோவுக்குத்தானுங்க."

புல்வெளி வரைக்கும் அனுமதி, அதுவும் பனி விலகிய பிறகு. சோலைப் பாதைக்குக் குறுக்கே சங்கிலி வந்துவிட்டது. ஏரிக்கரைக்குப் போக வேண்டிய அவசியம் குதிரைக்காரருக்கு வரவில்லை. ஆனால் காட்டுக்குள் போக ஆசைப்பட்டு வந்தவர்கள் சிலர் நின்றுவிட்டார்கள். மிச்சமிருப்பவர்கள் என்னைப் பார்த்ததும், "உண்மை விளம்பி வந்துட்டாங்க, வழி விடுங்க" என்பார்கள். குதிரைக்காரருக்கு நான் ரொம்ப நாள் வெறும் 'மேடம்'தான். 'அக்கா' திரும்பி வர அடுத்த கோடை ஆயிற்று.

இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சங்கிலி வரை போகிறேன். அந்தப் பக்கம் சோலை ஈரமாக, இருட்டாக, முன்னைவிட அழகாகத் தெரிகிறது. செய்தது சரியென்று தெரிந்துவிட்டால் மனம் அமைதியாகிவிடும் என்று எத்தனையோ பேர் எழுதிப் படித்திருக்கிறேன்; என் மனம் மட்டும் சங்கிலிக்கு இந்தப் பக்கம், சரியான பக்கத்தில்தான், இன்னும் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருக்கிறது.