ஏழு நிமிடம்

படம் வந்த நாலாம் நாள் விமர்சகர்கள் எல்லோரும் ஒரே காட்சியைப் பிடித்துக்கொண்டார்கள். நாற்பது வருஷத்துக்கு முன் நடந்த உண்மைச் சம்பவம் என்று சொல்லி எடுத்த அரசியல் படம். ஓட்டுப்பெட்டிகளை மாற்றச் சொல்லி ஓர் அமைச்சர் வெளியூருக்கு ட்ரங்க் காலில் பேசுகிறார். டெலிபோன் ஆபரேட்டர் ஒருத்தி அதை ஒட்டுக்கேட்டுப் பத்திரிகைக்கு மொட்டைக் கடுதாசி போட, அமைச்சரின் பதவி போகிறது.

“மூன்று நிமிடம் ஆனதும் ஆபரேட்டர் லைனில் வந்து, நீட்டிக்கவா என்று கேட்டே ஆகவேண்டும். இங்கே ஏழு நிமிடம் யாரும் குறுக்கே வரவில்லை. இதுகூடத் தெரியாமலா படம் எடுப்பது?” என்று ஒருவர் கிழி கிழியென்று கிழித்திருந்தார். ட்ரங்க் காலே போட்டறியாத மற்ற விமர்சகப் பிள்ளைகளும் அதையே மாற்றி மாற்றி எழுதினார்கள்.

பாலக்கரை வீட்டில் செல்வமேரி இதைப் படித்துவிட்டுக் காபியை ஆறவிட்டாள். விதி சரிதான். டெலிபோன் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவளுக்குத் தெரியாதா? ஆனால் அன்றைக்கு நிஜமாகவே ஏழு நிமிடம்தான். குறுக்கே போனால் பேசுகிறவர்கள் உஷாராகிவிடுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் அவளேதான். செத்துப்போன புருஷனிடம்கூட அதைச் சொன்னதில்லை.

அப்படியானால் சினிமாக்காரர்களுக்கு யார் சொன்னது?

இரண்டு நாள் இந்தக் கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை. அன்றைக்குப் பக்கத்து ஸ்விட்ச்போர்டில் இருந்தது ஆனந்தவள்ளி அக்கா மட்டும்தான். யார் ஒட்டுக்கேட்டது என்று ஆபீஸில் நடந்த விசாரணை முடிந்ததும் அக்காவைத்தான் ராமநாதபுரத்துக்குத் தூக்கியடித்தார்கள், அதுவும் கைக்குழந்தையோடு. செல்வமேரி பயந்து வாயை மூடிக்கொண்டாள். அதன் பிறகு இருவருக்கும் தீபாவளிக்கு முறுக்கு, கிறிஸ்துமஸுக்கு கேக் என்பதோடு சரி. மூன்றாம் நாள் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனாள்.

“வா மேரி. ரெண்டு நாள் முன்னாடியே வருவேன்னு நெனச்சேன்” என்று கதவைத் திறந்தாள் ஆனந்தவள்ளி.

“படம் பாத்தீங்களாக்கா?”

“எடுக்கறதுக்கு முன்னாடியே வந்து கேட்டுட்டுப் போனாங்களே. ஏழு நிமிஷம்னு நான்தான் சொன்னேன்.”

“உங்களுக்கு எப்படி...”

“நல்லா கேட்ட போ. மூணு நிமிஷம் தாண்டியும் நீ வாயத் தொறக்கல. சுவத்துக் கடியாரத்தப் பாத்துக்கிட்டு நானும் மூச்சக் கட்டிக்கிட்டுல்ல உக்காந்திருந்தேன்?”

“அப்ப விசாரணையில?”

“பக்கத்து போர்டுல மூணு நிமிஷத்துல நீட்டிக்கவான்னு கேட்டாங்களான்னாங்க. கேட்டாங்கன்னேன். அவங்க நம்பல. பொய் சொல்றா, இவதான் எழுதியிருப்பான்னு சந்தேகம் என் பக்கம் திரும்பிருச்சு.” காய்க்காரரிடம் விலை கேட்டதைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

“என்னாலதானக்கா! ராமநாதபுரத்துல அஞ்சு வருஷம்... நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...” செல்வமேரி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாற்பது வருஷத்துக்கு முன்பே அழுதிருக்க வேண்டிய அழுகை.

ஆனந்தவள்ளி அவளை அழவிட்டாள். பிறகு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“படக்காரங்களும் அந்த ஆபரேட்டர் பேரைக் கேட்டாங்க. சொல்லல. அது கெடக்கட்டும், இப்பவாவது சொல்லு” என்று நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். “பேப்பர்ல பாதிதான் வந்துச்சு. அந்த ஏழு நிமிஷமும் அவங்க என்னதான்டி பேசினாங்க?”

செல்வமேரி மூக்கைத் துடைத்துக்கொண்டு முதல் ஹலோவிலிருந்து ஆரம்பித்தாள்.