கரண்ட் போன பிறகு பாடிய டோ ராணி

போன ஜனவரியில் நான் யாங்கோனுக்குப் போனது பகோடா பார்க்க அல்ல, டோ ராணி பாடுவதைக் கேட்க. 'டோ' என்பது அங்கே மூத்த பெண்களுக்கான மரியாதைச் சொல். யாங்கோனின் இன்சீன் பகுதி ரயில்வே பட்டறைத் தொழிலாளியின் மகள் இவர். கோயில் திருவிழாவில் பாட ஆரம்பித்து, ஹோட்டல் மேடைகளில் 'சோல்' என்னும் மேற்கத்தியப் பாட்டுகள் பாடி, முப்பது வயதில் சொந்தமாக பேண்ட் அமைத்தவர். ஒரே பாட்டில் தமிழிலும் பர்மியத்திலும் உருக வைப்பார். நண்பர் வீட்டில் அவருடைய பழைய கேசட்டைக் கேட்டதிலிருந்தே எனக்குப் பைத்தியம். அவருக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை என்று தெரிந்ததும் டிக்கெட் போட்டுவிட்டேன்.

நகர மையத்திலிருந்து தின்கன்ஜூனுக்கு டாக்சியில் ஒன்பது கிலோமீட்டர், நாற்பது நிமிடம், பன்னிரண்டாயிரம் கியாட். பேரம் பேச எனக்குச் சாமர்த்தியம் போதாது. அங்கே ஒரு தையல் கடை மாடியில் இரண்டு மணிக்கு அவருடைய பேண்டின் ஒத்திகை. அந்தத் தெருவில் கரண்ட் இருப்பதே ஒன்றிலிருந்து ஐந்து வரைதான்.

டிரம்ஸ் வாசிக்கும் சலீம் பாய் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஆறு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் அக்கா பாடிப் பாக்குது. குரல எழுப்பவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மைக்குலயும் முடியலைன்னா பாட்டையே விட்டுருவேன்னு சொல்லுது. துவா செய்ங்க."

முதல் பாட்டின் பாதியில் மின்விசிறி நின்றது. மைக்கும் செத்தது. "மீ போயிருச்சு!" என்று சலீம் பாய் கத்தினார். கரண்டுக்கு அங்கே அதுதான் பெயர். எல்லோருடைய கையும் நின்றுவிட்டது.

டோ ராணி மைக்கை நாற்காலியில் வைத்தார். "ஏன் நிறுத்துனீங்க? தாளம் கரண்ட்லயா ஓடுது?"

உள்ளங்கையைக் கீழே அழுத்துவது போல் காட்டினார். பேண்ட் அடங்கியது. இன்னும் அழுத்தினார். என் மூச்சுச் சத்தமே எனக்குக் கேட்கும் அளவுக்கு இறங்கிவிட்டார்கள். அதற்கு மேல் அந்தக் குரல், கரகரப்பாக, மெதுவாக, ஒரு சொல்கூடத் தவறாமல் வந்தது. உச்சத்தில் பிசிறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ இடது கையை சாக்சபோன்காரரிடம் நீட்டினார். அவர் அந்த உச்சத்தை வாங்கிக்கொள்ள, இவர் கீழ்ச் சுரத்தில் சேர்ந்துகொண்டார். அடேயப்பா! கீழிருந்த தையல்காரர்கள் படியேறி வந்து நின்றார்கள். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

சலீம் பாய் தயங்கினார். "அப்ப சனிக்கிழமை கல்யாணக் கச்சேரிக்கு?"

"நான்தான் பாடுவேன். உச்சத்த மட்டும் சாக்ஸ் பாத்துக்கட்டும்." சொல்லிவிட்டு வெந்நீர் கேட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: நாட்டு நிலவரத்தை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும். டாலர் நோட்டில் மடிப்புகூட இருக்கக் கூடாது, வாங்க மாட்டார்கள். ஒத்திகைக்கு முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். பாதியில் கரண்ட் போனால் மட்டும் தயவுசெய்து எழுந்து வந்துவிடாதீர்கள்.