நடுக் கதிரை

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருந்தோம். நான், மனைவி, பன்னிரண்டு வயது மகள். மகனும் இருந்தான். உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு நாள் காலை கொட்டாஞ்சேனைக்கு டியூஷனுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. சோதனைச் சாவடியில் பஸ்சை விட்டு இறக்கினார்கள் என்று அதே பஸ்சில் வந்த ஒருவர் சொன்னார். அதன் பிறகு பொலிஸ் நிலையம், இராணுவ முகாம் என்று நான் ஏறி இறங்காத இடமில்லை. அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை என்பதுதான் எங்கேயும் பதில்.

எட்டு மாதம் கழித்து மகளுக்கு வயிற்றுவலி தொடங்கியது. பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டால் சுருண்டு படுத்துவிடுவாள். எல்லாப் பரிசோதனையும் செய்தும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு மாதம் பள்ளிக்கூடம் போகாமல், சாப்பாடும் குறைந்து எலும்பும் தோலுமாகிவிட்டாள். மிஞ்சியிருந்த ஒரு பிள்ளையும் கைவிட்டுப் போகிறதே என்று பயந்துபோனேன். கடைசியில் எங்கள் டொக்டர் கொட்டாஞ்சேனையில் ஒரு மனநல வைத்தியரிடம் அனுப்பினார். வெளிநாட்டில் உளப்பகுப்பாய்வு படித்து வந்த பெண்மணி. புருஷன் பெண்சாதியையும் பிள்ளைகளையும் ஒன்றாக இருத்தி வைத்துக் கதைப்பவர். மூன்று பேரும் வரவேண்டும் என்றார். வயிற்றுவலி பிள்ளைக்கு, எனக்கு எதற்குக் கதிரை என்று புறுபுறுத்துக்கொண்டு, மகன் போன அதே வழியால் பஸ் ஏறினேன்.

அறையில் எங்களுக்கு மூன்று கதிரைகள் போட்டிருந்தார்கள். யாரும் சொல்லாமலே மகள் நடுக் கதிரையில் போய் இருந்தாள். அடுத்த கிழமையும் அப்படியே.

"பிள்ளை எப்பவும் நடுவிலயோ?" என்று கேட்டார் வைத்தியர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகன் போனதிலிருந்து நானும் மனைவியும் நேரே கதைப்பதில்லை. அம்மாட்டைச் சொல்லு, அப்பாட்டைச் சொல்லு என்று எல்லாம் மகள் வழியாகத்தான் போய் வந்தது. சாப்பிட வரச் சொல்வதுகூட.

மூன்றாவது கிழமை, ஏன் மனைவியோடு கதைப்பதில்லை என்று வைத்தியர் என்னைக் கேட்டார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"அண்டைக்குத் தமிழ்ப் பெடியளைப் பிடிக்கிறாங்கள் எண்டு ஊரெல்லாம் கதை. அவனும் யோசிச்சவன். நான்தான், பொலிஸ் பதிவு பொக்கற்றில இருக்குத்தானே, என்ன பயம், போ எண்டனான். நீங்கள்தான் அவனை அனுப்பினீங்கள் எண்டு இவ ஒவ்வொரு நாளும் குத்திக் காட்டுறா."

கொழும்பில் இருந்த தமிழர்கள், தங்கியிருக்கும் வீட்டைப் பொலிஸில் பதிந்த அந்தத் துண்டுக் கடதாசி இல்லாமல் தெருவில் இறங்கப் பயந்த காலம் அது.

"கடைசியா எப்ப சொன்னவ?" என்றார் வைத்தியர்.

வாயைத் திறந்தேன். நேற்றா? போன மாதமா? எவ்வளவு தேடியும் ஒரு நாள்கூட நினைவுக்கு வரவில்லை.

"நான் ஒருக்காலும் சொல்லேல்லை," என்றாள் மனைவி, நிலத்தைப் பார்த்தபடி.

"எங்களால தாங்கேலாத பழியைச் சிலவேளை பக்கத்தில இருக்கிற ஆளின்ர வாயில வைச்சிடுவம். பிறகு அவையள்தான் சொல்லுகினம் எண்டு கேட்டுக்கொண்டு இருப்பம்," என்றார் வைத்தியர்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்ப ஏன் இவ என்ர முகத்தைப் பாக்கிறேல்லை?" என்று கத்தினேன்.

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். குனிந்தபடியே சொன்னாள்: "அண்ணான்ர பொலிஸ் பதிவுத் துண்டு சட்டையோட தோய்ஞ்சு போச்சு. அப்பாட்டைச் சொல்லவேண்டாம் எண்டு அம்மா சொன்னவ."

பத்து மாதத்துக்குப் பிறகு மனைவி என் முகத்தைப் பார்த்துக் கதைத்தாள். முதல் நாள் பின்னேரம் அவன் சட்டையைத் தோய்த்திருக்கிறாள். பொக்கற்றில் துண்டு இருந்தது தெரியாது. கூழாகிவிட்டது. மறுநாள் காலை, என்ன பயம், போ என்று நான் முன்னறையில் சொன்னபோது, அவள் அந்தக் கூழைக் கையில் வைத்துக்கொண்டு குசினி அடுப்படியில் நின்றிருக்கிறாள். என்னிடம் சொல்ல வெளிக்கிட்டவளை மகன் தடுத்திருக்கிறான்.

"சொல்லாதேங்கோ அம்மா, அப்பா கத்துவார், பின்னேரம் நானே போய்ப் புதுசு எடுக்கிறன் எண்டவன். அடையாள அட்டையை மட்டும் கொண்டு போனவன். நான் வாயைத் திறந்திருந்தா நீங்கள் போகவேண்டாம் எண்டிருப்பீங்கள்."

வைத்தியர் எழுந்து வந்து, மகளைக் கதிரையோடு தன் மேசைப் பக்கம் இழுத்து இருத்தினார். எங்கள் இருவருக்கும் நடுவில் இப்போது வெறும் நிலம்தான். மனைவியின் கையைப் பிடித்திருக்கலாம். எனக்கு அது வரவில்லை. "தண்ணி குடிக்கிறியே?" என்று மட்டும் கேட்டேன். ஓம் என்று தலையாட்டினாள்.

அதற்குப் பிறகும் ஒரு வருடம் போனோம். மகளின் வலி மெல்ல மெல்லத்தான் விட்டது. அவள் படித்து முடித்து, இன்று அவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது. மகன் வரவில்லை. மனைவியை நான் மன்னித்தேன் என்று சிலர் நினைக்கலாம். அவளிடம் மன்னிக்க எனக்கு என்ன இருந்தது?

இன்றைக்கும் வீட்டில் யாராவது என்னிடம் ஒன்றைச் சொல்ல வந்து தயங்கினால், குரலைத் தாழ்த்தி, சொல்லு என்று பக்கத்தில் இருத்திக்கொள்வேன். சோதனைச் சாவடியைவிட என் சத்தத்துக்குப் பயந்துதான் என் பிள்ளை அன்று அந்தத் துண்டு இல்லாமல் படியிறங்கிப் போனான்.